மேடைக்குப் பின்னால் போகும் அக்கா

கல்யாண மண்டபங்களின் பின்பக்கத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. ஜெனரேட்டர் டீசல், ஈர வாழையிலை, ஆறிப்போன ரசம், சுவரோரம் நின்று யாரோ அவசரமாக முகத்தில் அப்பிக்கொண்ட பவுடர், எல்லாம் கலந்து வரும். நான் இப்போது குடியிருக்கும் தெருவில் அப்படி ஒரு மண்டபம் இருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கு வழி அதன் பின்சந்து. முகூர்த்த நாளில் அந்தச் சந்துக்குள் நுழைந்தால் என் நடை தானாகக் குறைந்துவிடும். இங்கேதான் எங்காவது அந்த அக்கா நிற்பாள் என்று தோன்றும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்டா கழுவும் பெண்கள் பக்கம் குனிந்து, "உங்களுக்கு மொதப் பந்தியில சோறு போட்டாங்களா, கடசியிலயா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். முன்வாசலில் பன்னீரும் கற்கண்டும் வைத்துக்கொண்டு நாலு பேர் காத்திருப்பார்கள். அவள் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாள்.

கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம், சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன். எந்த ஊரிலும் எனக்குக் கால் தரிக்காது. வந்த அன்றே அடுத்த மாற்றலுக்கு விண்ணப்பம் யோசிக்கிற ஆள். அந்த மலையில் மட்டும் என்னமோ ஆறு வருடம் நின்றுவிட்டேன். அக்கா எனக்குப் பக்கத்து வீடு. இரண்டு ஏக்கரில் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி, மேட்டில் கொஞ்சம் சாமை. அவள் வீட்டுக்காரர் போர்வெல் லாரியில் வடக்கே போனவர். வருடத்துக்கு இரண்டு முறை, கறுத்துப்போய், இந்தி கலந்த தமிழோடு வந்து போவார். ஒரே மகள் மேகலா.

வாடகைக்கு வீடு தேடிப் போன முதல் நாளே அக்காவைத் தெரிந்துகொண்டேன். இளம்பச்சை வண்ணம் அடித்து, வாசலில் செம்பருத்தி வைத்திருந்த ஒரு வீட்டைப் பார்த்ததும் "இதுவே போதும்" என்று நின்றுவிட்டேன். வழிகாட்ட வந்தவள் என்னைப் படியேறவே விடவில்லை. "இப்படி வாங்க அம்மணி" என்று வீட்டைச் சுற்றிப் பின்னால் கூட்டிப்போனாள். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பாசி ஏறியிருந்தது.

"மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் நின்னிருக்குதுன்னு பாத்துக்கோங்க. உங்க அடுப்பு இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தானுங்க."

"முன்னாடி அழகா இருக்கே அக்கா."

"முன்னாடி என்னுங்க. எல்லா ஊடும் மூஞ்சியக் கழுவிக்கிட்டுத்தான் நிக்குது."

அவள் காட்டிய வீடு முன்னால் சுண்ணாம்பு உரிந்து, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. ஆறு மழைக்காலங்களில் ஒரு நாள்கூட என் அடுப்பு நனையவில்லை.

மிளகு எடுக்கும் மாதங்களில் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு வியாபாரி ஜீப்பில் வருவார். மூட்டையை அவிழ்த்ததும் மேலே பார்க்க மாட்டார். முழங்கைவரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். எல்லோரும் மேலே கெட்டியான மிளகையும் அடியில் உள்ளே ஒன்றுமில்லாத சண்டும் காம்பும் வைப்பது அவருக்குத் தெரியும். அக்காவின் மூட்டையில் அது தலைகீழாக இருக்கும். சுருங்கியது மேலே, உருண்டு திரண்டது அடியில்.

"ஏக்கா, ஊருல இல்லாத வழக்கமா இருக்குதே. மேல பாக்கறவன் வெல கொறச்சுத்தான கேப்பான்?" என்று அவர் ஒருமுறை சிரித்தார்.

"மேல மட்டும் பாக்கறவனுக்கு எதுக்குங்க விக்கோணும்?" என்றாள் அக்கா. சிரிக்காமல்தான் சொன்னாள்.

இதையெல்லாம் கெட்டிக்காரத்தனம் என்று ஊர் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கண் எல்லா இடத்திலும் போய் நிற்கும். அங்கேதான் சங்கடம். அவளுடைய தங்கை மகளுக்கு முள்ளுக்குறிச்சியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நல்ல குடும்பம், மூன்று மகன்கள், இரண்டு மருமகள்கள் ஏற்கனவே இருக்கிறார்கள், சிமெண்டு வீடு. கூடத்தில் எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா எழுந்து பின்கட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். பஸ் ஏறியதும் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள்:

"கொல்லையில நீளமா ஒரு கயிறு கட்டியிருக்குது. அதுல ஆம்பளத் துணி மட்டுந்தான் காயுது. ரெண்டு மருமவளுக இருக்கறாளுகளே, அவளுக துணி எங்கன்னு கேட்டேன். உள்ரூம்புல, வெயில் படாமக் காயப்போடுவாங்களாம். வெளிய தெரியக் கூடாதாம். இந்த எடம் வேண்டாம்."

கல்யாணம் நின்றது. தங்கை வீட்டுக்காரர் இரண்டு வருடம் அக்காவோடு பேசவில்லை. ஒரு துணிக்கயிற்றுக்காக நல்ல சம்பந்தத்தைக் கெடுத்தவள் என்று டீக்கடையில் பேசினார்கள். அவளிடம் நான் கேட்டேன், தப்பாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று. அக்கா மரவள்ளித் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். "தப்பா இருக்கலாமுங்க. ஆனா பாத்ததப் பாக்காத மாதிரி இருக்க எனக்கு வரல" என்றாள். அன்று அவள் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. எதற்கான பயம் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

கூத்து நடந்தாலும் அவள் பின்னால்தான். கோயில் நோம்பிக்குக் கீழிருந்து வந்த கூத்துக்காரர்கள் ஆடி முடிக்கும்போது விடிந்துவிட்டிருந்தது. பனி இறங்கிய பாயில், முன்வரிசையில், கண் எரிய நான் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ராஜா கிரீடத்தோடு கர்ஜித்துக்கொண்டிருந்தார். அக்காவைத் தேடினால், திரைக்குப் பின்னால் ராணி வேடக்காரருக்குச் சுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப் புள்ளையில இருந்து இங்க நின்னுதானுங்க பாக்கறேன்" என்றாள். "முன்னால இருந்து பாத்தா அவரு ராசா. இங்கிருந்து பாத்தா முதுகு பூராவும் வேர்க்குரு. பாவம், சொறியக்கூட முடியாமத்தான அந்தக் கத்து கத்தறாரு."

ராணி வேடக்காரர் காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

மேகலாவும் அப்படிச் சிரிப்பாள், மூச்சு முட்ட. அவள் பாடுவாள் என்று மட்டும் சொன்னால் போதாது. கையைக் கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்று பாடச் சொன்னால் அவளுக்குக் குரல் வராது. வசனம் மட்டும் பேசச் சொன்னால் உடம்பு விறைத்துவிடும். நடந்துகொண்டு, குனிந்துகொண்டு, யாரிடமாவது சண்டை போட்டுக்கொண்டு பாட வேண்டும். அப்போதுதான் பாட்டும் பெண்ணும் ஒன்றாக எழுந்து நிற்கும். மலைமேல் மூடுபனி ஏறி வருவதைப் பார்த்திருக்கிறேன். எங்கே தொடங்கியது என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் நாம் அதற்குள் இருப்போம். பள்ளி ஆண்டு விழாவில் மழைக்குக் காத்திருக்கும் சாமைக்காட்டுக்காரியாக அவள் பாடி நடித்தபோது எனக்கு அப்படித்தான் ஆனது. மறுநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அக்காவிடம் சொன்னேன்:

"உங்க மக வானத்தைப் பாத்துத் திட்டுற எடத்துல, எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் துண்டால கண்ணைத் தொடைச்சார் அக்கா."

"அப்படிங்களா? அந்த நேரத்துல அவளுக்குப் பின்கொசுவம் அவுந்துருச்சுங்க. நடுவுல ஒருக்கா உள்ள வந்தப்ப நாலு ஊக்குக் குத்தி அனுப்பினேன்."

"நீங்க பாக்கவே இல்லையா?"

"நான் பின்னால இருந்தேனுங்க" என்றாள், அது போதுமான பதில் என்பதுபோல. ஊக்குகளை உதட்டில் கவ்விக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல், மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு மகள் உள்ளே வருவதற்காகத் திரையோரம் நிற்பாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தானாம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மேகலா பாட்டும் நாடகமும் படிக்கப் போகிறேன் என்றாள். நர்சிங் என்று ஒரு சித்தப்பா, பி.எட். என்று ஒரு மாமா. அப்பாவுக்கு போன் போட்டார்கள். அங்கே எந்த ஊரிலோ பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும் சத்தத்துக்கு நடுவில் அவர், "ஒண்ணுமே கேக்கல... உங்கம்மா என்ன சொல்றா? அப்பச் சரி" என்று வைத்துவிட்டார். ஆக, முடிவு அக்காவின் கையில். பெற்றோர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் எந்தக் கல்லூரியும் விடுதியில் சேர்க்காது. அந்தப் படிப்பில் வேலை கிடைக்குமா, ஊர் என்ன சொல்லும், இதையெல்லாம் அக்கா கேட்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"வேசங் கட்டறதுக்கு முன்னாடி துணி எங்க கண்ணு மாத்துவீங்க?"

"அம்மா, அதெல்லாம் போன்ல போட மாட்டாங்க."

"அப்ப நேர்ல போயிப் பாக்கலாம்."

விண்ணப்பம் படிக்க, பேருந்து மாற, நகரத்தில் பேச எல்லாம் ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டார்கள்.

முதலில் போனது பெரிய நகரத்துக் கல்லூரி. பாட்டும் நடிப்பும் ஆட்டமும் ஒரே படிப்பாக, மூன்று வருடம். கண்ணாடிக் கதவு, ஏறி இறங்கும் விளக்குகள், கறுப்பு வழவழப்பில் மேடை. அந்தத் துறைக்குத் தலைவர், சட்டைக் கையை மடித்துவிட்ட ஒல்லியான மனிதர், எங்களை உட்கார வைத்துப் பேசினார். "இங்க பாட்டு வேற, நடிப்பு வேறன்னு பிரிக்கறதில்லம்மா. நடந்துக்கிட்டே பாட முடியாதவங்களத்தான் நாங்க கஷ்டப்பட்டு நடக்க வெக்கறோம்" என்றார். மேகலா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். தன்னைப் போல ஒருவர் பேசுவதை அவள் அதுவரை கேட்டதில்லை.

அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

மேடைக்குப் பின்னால், நீளமான நடையின் கோடியில் கண்டுபிடித்தேன். பெண்கள் உடை மாற்றும் அறைக் கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. நான்கிலும் ஒவ்வொன்றாக விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் விளக்குமாறோடு நின்ற பெண் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு பொண்ணு மாத்துறப்ப இன்னொரு பொண்ணு கதவுல முதுகை வெச்சு நின்னுக்கும்மா. பழகிட்டாங்க."

"எத்தன நாளா?"

"நான் வந்தே ரெண்டு வருசமாச்சு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "போலாமுங்க அம்மணி."

அடுத்த வாரம் இன்னொரு ஊர், இன்னொரு கல்லூரி. காரை பெயர்ந்த கட்டிடம், மேடையில் ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஆனால் பின்னால் போன அக்கா அரை மணி நேரம் வெளியே வரவில்லை. பெரிய அறை. உள்ளே தாழ்ப்பாள், வெளியே தாழ்ப்பாள். ஆளுயரக் கண்ணாடி. ஒட்டினாற்போலத் தண்ணீர் வரும் குளியலறை. ஒவ்வொரு பெண்ணின் பெயரும் எழுதிய ஆணிகள். கிழிந்த ஜிகினாப் பாவாடையைத் தைத்துக்கொண்டு ஒரு அம்மா. அவர் அக்காவுக்கு மோர் கொடுத்தாராம். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை மிளகுக்கு நல்ல காய்ப்பு வந்த வருடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

முன்னால் அலுவலக அறையில் மேகலாவுக்கு வேறு பதில் கிடைத்திருந்தது. இசை ஒரு கட்டிடம், நாடகம் இன்னொரு கட்டிடம். "ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோம்மா. இன்னொண்ணப் பொழுதுபோக்கா வெச்சுக்கலாம்" என்று அந்த ஆசிரியை நல்ல மனதோடுதான் சொன்னார்.

சேந்தமங்கலத்தில் பஸ் மாறினோம். மலையேறும் கடைசி பஸ்ஸுக்கு முந்தியது. வளைவுகள் தொடங்கியதும் வழக்கம்போல எலுமிச்சம்பழங்கள் மூக்குக்குப் போயின. அக்கா ஜன்னலோரம், நான் நடுவில், மேகலா இந்தப் பக்கம். இருவரும் என்னைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள்.

"பாத்ரூம்பு நல்லாருக்குன்னு ஒரு காலேஜில சேருவாங்களாம்மா?"

"சேரலாம். பரீச்ச வருசத்துக்கு ரெண்டு தடவ. பாத்ரூம்பு தெனமும்."

முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மேகலா சிரிக்கவில்லை.

"அங்க பாட்டு ஒரு பக்கம், நடிப்பு ஒரு பக்கம்மா. என்னை ரெண்டா வெட்டிப் பாதிய எங்க வெக்கறதுன்னு கேக்கறாங்க."

"கதவுக்குத் தாப்பா இல்லாத எடத்துல என்ற புள்ளய விட மாட்டேன்."

"நான் நிக்கப்போறது மேடைக்கு முன்னாலம்மா. நீ அங்க வந்ததே இல்ல. ஒண்ணாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் ஒரு தடவ முன்னால உக்காந்து என்னப் பாத்திருக்கியா? என்ற முதுகுதான் உனக்குத் தெரியும்."

 பஸ் முனகிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே பக்கம் நிமிர்ந்தோம். கீழே சேந்தமங்கலத்து விளக்குகள் ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம். பத்து வளைவா, இருபதா, நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்த கை மட்டும் வெளுத்திருந்தது. துணிக்கயிற்றுப் பேச்சின்போது அவள் குரலில் கேட்ட அந்தப் பழைய பயத்தை அன்றுதான் நான் கொஞ்சம் புரிந்துகொண்டேன். பின்னால் நிற்பவருக்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். அவிழ்ந்ததைக் கட்டலாம், கிழிந்ததைக் குத்தலாம். முன்னால் உட்கார்ந்தவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணெதிரே மகள் தடுமாறினாலும் கை நீட்ட முடியாது.

ஊர் வந்து இறங்கும்போது, "தேர்வுக்கு மட்டும் போயிட்டு வரலாம். அதுல ஒண்ணும் இல்ல" என்றாள். பெரிய நகரத்துக் கல்லூரியின் சேர்க்கைத் தேர்வைத்தான் சொன்னாள்.

அந்தத் தேர்வில் கூட வந்தவர்களும் அரங்கில் உட்காரலாம். அக்கா பழக்கதோஷத்தில் பைக்குள் கைவிட்டு ஊக்குகளை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். நடையின் தொடக்கத்திலேயே மேகலா இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றாள்.

"பின்னால வந்தீன்னா நான் பாட மாட்டேன். முன்னால போய் உக்காரும்மா. மூணாவது வரிசை. அம்மணியக்கா பக்கத்துல."

"கொசுவம்..."

"அவுந்தா அவுந்துட்டுப் போகுது."

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் முதலில் தரையைப் பார்த்தாள், பிறகு மேலே விளக்கை, பிறகு முன்வரிசை ஆளின் சட்டைக் காலரை. கையில் ஊக்குகள் இருந்தன. நான் வாங்கி என் பையில் போட்டேன்.

ஒவ்வொருவரும் தாங்களே கட்டிய ஒரு காட்சியைச் செய்து காட்ட வேண்டும். மேகலா வந்தாள். பாடவில்லை. மேடையின் ஓரத்துக்குப் போய், எங்களுக்குப் பக்கவாட்டில், இல்லாத ஒரு திரையின் மறைவில் நின்றாள். உதடுகளை இறுக மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தாள். வாயைத் திறக்காமலே ஒரு மெட்டு வந்தது. திரையை விரலால் விலக்கி எட்டிப் பார்க்கிறாள், சட்டென்று பின்வாங்குகிறாள். யாரோ உள்ளே ஓடி வர, குனிந்து, உதட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எதையோ குத்துகிறாள். ஒன்று குத்த ஒரு சொல் வெளியே வருகிறது. இன்னொன்று, இன்னொரு சொல். கடைசி ஊக்கும் போனபிறகு வாய் முழுவதுமாகத் திறந்து பாட்டு வந்தது. அந்த நேரத்தில் அந்த யாரோ மேடைக்கு ஓடிவிட்டிருந்தாள். பாட்டைக் கேட்க அங்கே ஆள் இல்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு போகிறவளைப் பார்த்து அவள் பாடினாள்.

"இது ஆருங்க அம்மணி?" என்று அக்கா என் காதில் கேட்டாள். நான் சொல்வதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. கை போய் வாயைப் பொத்திக்கொண்டது. முடியும்வரை அந்தக் கை இறங்கவில்லை. விளக்கு எரிந்து, எல்லோரும் கை தட்டி ஓய்ந்தபிறகு, வேறு எதையோ கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்:

"இவ எப்பங்க இத்தன ஒசரமானா?"

மேகலாவுக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமை பெற்றோர் கையெழுத்தோடு படிவத்தைக் கொடுத்து அன்றே விடுதியில் சேர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று செய்தி வந்தது. படிவம் அரிசி டப்பா மூடிக்கு அடியில் நான்கு நாள் கிடந்தது. அக்கா அதை எடுப்பாள், பேனாவைத் திறப்பாள், மூடுவாள், களை பறிக்கப் போய்விடுவாள். மேகலா கேட்கவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நான்தான் பொறுக்காமல், "போடறதா இல்லையான்னு சொல்லிடுங்க அக்கா, அந்தப் பொண்ணு முகத்தைப் பாருங்க" என்றேன்.

"மொகத்தப் பாத்துட்டுத்தானுங்க தூக்கம் வராமக் கெடக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை தனியாகச் சேந்தமங்கலம் போய் வந்தாள். திரும்பும்போது கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். கனமாக இருந்தது. 

திங்கட்கிழமை கல்லூரி அலுவலகத்தில் படிவத்தை நீட்டச் சொன்னபோது அக்கா பொட்டலத்தைத்தான் மேசைமேல் வைத்தாள். எட்டங்குல இரும்புத் தாழ்ப்பாள், ஸ்க்ரூக்கள், ஒரு திருப்புளி.

"இதப் போட்டுட்டுக் கையெழுத்துப் போடறேனுங்க."

எழுத்தர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிக் குடுங்கம்மா. ஆள் வந்து போடுவாங்க."

"எழுதுறதுக்கு எனக்கு ரெண்டு நாளாகுமுங்க. போடறதுக்குக் கால் மணி நேரம்."

அந்த ஒல்லியான துறைத்தலைவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "நான் பதினஞ்சு வருசமா இங்க இருக்கேன். அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு நாளும் நின்னதில்ல" என்றார். "வாங்கம்மா."

பழைய ஓட்டைகள் நைந்து அகலமாகிவிட்டிருந்தன. ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றியது. அந்தத் துப்புரவுப் பெண்ணின் விளக்குமாற்றிலிருந்து நாலு குச்சிகளை உருவி, ஒடித்து, ஓட்டைகளுக்குள் திணித்து, அதன்மேல் ஸ்க்ரூவை வைத்து அக்கா முடுக்கினாள். மேகலா தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.  நெற்றியும் நெற்றியும் கிட்டத்தட்ட ஒட்டியிருந்தன. துறைத்தலைவர் நடையில் நின்று, போகவும் முடியாமல் உதவவும் தெரியாமல், ஸ்க்ரூப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்தார்.

முடித்ததும் அக்கா வெளியே வந்தாள்.

"உள்ள இருந்து போட்டுப் பாரு கண்ணு."

கதவு மூடியது. இரும்பு சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது. அக்கா தோளைக் கொடுத்து ஒருமுறை தள்ளினாள். அசையவில்லை. சற்று விலகி வந்து, உடம்பின் பாரமெல்லாம் வைத்து இன்னொருமுறை. அசையவில்லை. என்னிடமிருந்து படிவத்தை வாங்கி, அந்தக் கதவின்மேலேயே வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். மரத்தில் பேனா உரசுவது உள்ளேயும் கேட்டிருக்கும். படிவத்தைத் துறைத்தலைவர் கையில் கொடுத்தாள். திருப்புளியைத் தலைப்பில் துடைத்துப் பைக்குள் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். பிறகு செய்ய ஒன்றுமில்லை.

"அம்மா, தெறக்கட்டுமா?" என்று உள்ளிருந்து கேட்டாள் மேகலா. 

அக்கா கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தெறக்காத சாமி. நான் வாரேன்."